தமிழ்வழி நீட் மாதிரித் தேர்வுக் கட்டு: உறையைப் பிரித்துப் பார்த்தால்

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்த கையோடு புத்தகக் கடைகளின் முன்வரிசைக்கு வந்துவிடும் சரக்கு இது. சில வினாத்தாள்கள், விடைக்கு வட்டத்தைக் கறுக்கும் ஓஎம்ஆர் தாள்கள் கொஞ்சம், ஒரு விடைப் புத்தகம், மேலே பிளாஸ்டிக் உறை. பல பெயர்களில் வருகிறது. குறைகளோ எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெயர்களை விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் பார்ப்போம்.

முதல் தாளின் முகப்பிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். 2025 முதல் நீட் தேர்வில் 180 வினா, 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90; எதிலும் சாய்ஸ் கிடையாது. ‘15 வினாக்களில் 10-க்கு விடையளி’ என்று ஒரு பிரிவு இருந்தால் அது 2021 முதல் 2024 வரை இருந்த வடிவம். அட்டையை மட்டும் மாற்றி விற்கிறார்கள் என்று அர்த்தம். வேதியியலில் திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல் வினாக்கள் இருந்தால் இன்னும் பழசு; 2024 பாடத்திட்டத்திலேயே அவை போய்விட்டன. அதே ஆண்டு இயற்பியலில் செய்முறைத் திறன் தனி அலகாகச் சேர்ந்தது. அதில் வரும் திருகு அளவி, வெர்னியர் அளவி பற்றி எந்தத் தாளிலும் ஒரு வினாகூட இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது மொழி. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் சிறுத்தை ‘சீத்தா’ ஆனது பலருக்கு நினைவிருக்கும். 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இரண்டு மொழிக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பதுதான் விதி. அதனால்தான் தமிழ்வழித் தாளில் இரண்டு மொழியும் இருக்கும். காகிதம் மிச்சம் பிடிக்கத் தமிழை மட்டும் அச்சடித்த கட்டில், சந்தேகம் வந்ததும் ஆங்கில வரிக்குக் கண்ணை ஓட்டும் பழக்கம் பிள்ளைக்கு வராது. கலைச்சொல்லும் பாடநூலில் உள்ளபடி இருக்க வேண்டும். பாடநூலில் ‘மின்தேக்கி’ என்று படித்த பிள்ளை, தாளில் ‘கொள்ளளவி’ என்று பார்த்தால் இயற்பியலை விட்டுவிட்டுச் சொல்லை யோசித்துக்கொண்டிருக்கும்.

உண்மையில் இந்தக் கட்டில் காசு பெறுவது ஓஎம்ஆர் தாள்தான். கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டத்தை முழுக்க நிரப்ப 5 நொடி என்று வைத்தால் 180 வட்டத்துக்கு 15 நிமிடம். ஆக, யோசிக்கக் கிடைப்பது 165 நிமிடம்தான். வீட்டில் நோட்டில் விடை எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியாது. இன்னொன்று வரிசை பிசகுவது. 63-ஐ விட்டுவிட்டு 64-இன் விடையை 63-க்கு நேரே கறுத்தால், கண்டுபிடிக்கும்வரை எல்லாம் ஒரு படி தள்ளியே போகும். கறுத்ததை அழிக்கவும் வழியில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாகக் கறுப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. பக்கம் முடிய முடிய, வினா எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கறுக்கப் பழக்குங்கள். தாள் மெலிதாக இருந்து மை மறுபுறம் ஊறினால் அந்தக் கட்டு வேண்டாம்.

பின்னட்டையில் ‘தெரியாததைத் தொடாதே’ என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சரிக்கு 4, தவறுக்கு கழித்தல் 1 என்றால், இரண்டு விடையை உறுதியாக ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் கறுப்பதில் சராசரியாக 1.5 மதிப்பெண் வரும். விடுவதுதான் நஷ்டம். பயமுறுத்தல் பிள்ளைகளிடம் சுலபமாக எடுபடுகிறது, அவ்வளவுதான்.

பள்ளிக்கு மொத்தமாக வாங்கினால் சுமை ஆசிரியர் தலையில்தான். 40 பேர் என்றால் ஒரு தேர்வுக்கு 7,200 விடைகள். கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் செயலி தருகிறார்கள். மூலைகளில் உள்ள நான்கு கறுப்புச் சதுரங்களும் படத்தில் விழாவிட்டால் அது திணறும். ஓஎம்ஆர் தீர்ந்து ஜெராக்ஸ் எடுக்கும்போது அளவு கொஞ்சம் சுருங்கினாலும் தப்பாகவே படிக்கும். 100 விழுக்காட்டு அளவில் எடுக்கச் சொல்லுங்கள். ஓஎச்பி தாள் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் சரியான விடைகளுக்கு நேரே ஓட்டை போட்டு மேலே வைத்துத் திருத்தும் பழைய முறை இன்னும் நம்பகமானது. ஆனால் ஒரே வினாவுக்கு இரண்டு வட்டம் கறுத்து, அதில் ஒன்று சரியான வட்டமாக இருந்தால், ஓட்டை வழியாக அது சரியான விடைபோலவே தெரியும். முதலில் வெறும் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்து அவற்றைச் சுழித்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் ‘30 நாள் 30 தேர்வு’ அட்டவணையைப் பின்பற்ற வேண்டாம். மூன்று மணி நேரத் தேர்வின் தவறுகளைப் பிரித்துப் பார்க்க இன்னொரு மூன்று மணி நேரம் ஆகும். அடுத்த நாளே அடுத்த தாள் என்றால் அதற்கு இடமே இல்லை. வாரம் இரண்டு போதும், அதுவும் உண்மைத் தேர்வு நடக்கும் மதியம் 2 முதல் 5 மணிக்குள்.

கூடவே தரவரிசைப் படிவம் ஒன்று வரும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு. 210 வாங்கிய பிள்ளையின் பெயர் கடைசியில் தொங்கும். மதிப்பெண் எதில் போயிற்று என்பது அதில் இருக்காது. படிவத்தின் பின்பக்கம் வெற்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்று கொடுத்து அதில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: பாடமே தெரியவில்லை, தெரிந்தும் கணக்கில் பிழை, வட்டம் மாறிவிட்டது. தவறிய வினா எண்களைப் பிள்ளையே நிரப்பட்டும்.