லாவண்டர் செடி வாங்கிய கதை: நர்சரிக்கு 5-க்கு 3

போன ஆனி மாதம் பாளையங்கோட்டையில் ஒரு நர்சரியில் லாவண்டர் செடி இரண்டு வாங்கினேன். ஒன்று 180 ரூபாய். செடிகள் திடமாகத்தான் இருந்தன. என்ன ரகம் என்று கேட்டால் மட்டும் "லாவண்டர்தான்க்கா" என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை.

இலை ஓரம் ரம்பப் பல் போல இருந்ததால் பிரெஞ்சு லாவண்டர் என்று நானே கண்டுபிடித்தேன். எண்ணெய்க்குப் பேர்போன இங்கிலீஷ் ரகத்துக்கு நல்ல குளிர்காலம் வேண்டும். ஜம்முவில் பதர்வா பக்கம் அதை வயலில் போடுகிறார்கள். நம்மூர் வெயிலுக்குத் தாங்காது. ஆக, கொடுத்தது சரியான ரகம்தான், தெரியாமல் கொடுத்திருக்கிறார்கள்.

மார்க் குறைப்பது மண்ணுக்கு. பை முழுக்கத் தேங்காய்நார்த் தூள். லாவண்டர் வேரில் ஈரம் தங்கவே கூடாது. ஐப்பசி அடைமழையில் ஒரு செடி அழுகிவிட்டது. மற்றதை மணலும் செங்கல் ஜல்லியும் கலந்த தொட்டிக்கு மாற்றி சன்ஷேடு அடியில் வைத்தேன். மாசியில் கதிர் விட்டது.

எப்போது வெட்டுவது? "பூத்ததும் வெட்டிருங்கக்கா" என்றார்கள் நர்சரியில். ஆச்சி அதற்கும் முந்திக்கொண்டாள். சங்கரன்கோவில் பக்கம் பிச்சியை மொட்டிலேயே பறித்துப் பழகிய கை. "விரிஞ்சா மணம் போயிரும்ட்டி" என்று இரண்டு கதிரைப் பிஞ்சிலேயே நறுக்கிவிட்டாள். காயவைத்தால் வெறும் சருகு.

லாவண்டர் கதிர் ஒரே நாளில் விரியாது. காயவைக்க வேண்டுமென்றால் நாலில் ஒரு பங்கு பூ விரிந்து, மற்ற மொட்டுகளில் நிறம் ஏறியிருக்கும்போது வெட்ட வேண்டும். முழுக்கப் பூக்கவிட்டால் காய்ந்தபின் தொட்டாலே உதிர்கிறது. எண்ணெய் எடுப்பவர்கள்தான் பாதிப் பூ வாடும்வரை விடுவார்கள். காலையில் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் வெட்டினேன். இங்கே அதற்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். பச்சைத் தண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டையில் கத்தரி பட்டால் அந்தக் கிளை துளிர்ப்பது சந்தேகம். அப்புறம் கட்டாகக் கட்டி, இருட்டறையில் தலைகீழாக மூன்று வாரம்.

சோப்பு வாசனையை எதிர்பார்க்காதீர்கள், இந்த ரகத்தில் கற்பூர நெடிதான் தூக்கல். பாச்சா உருண்டைக்கு இது தேவலை என்று ஆச்சி ஒரு கட்டைத் தன் பீரோவுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அதே நர்சரியில் இன்னொரு செடி வாங்குவேன். மண்ணை மட்டும் அன்றைக்கே கொட்டிவிடுவேன்.