முப்பது சதவீத உத்தரவாதமும் ஐந்து சென்டிமீட்டரும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 31 ஆண்டுகள் விசையின் திருப்புத்திறனை, அதாவது ஒரு விசை பொருளைச் சுழற்றும் திறனை, கற்பித்தவன் நான். கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பார், பிறகு கைப்பிடிக்குப் பக்கத்தில் தள்ளிப் பார் என்று வகுப்பறைக் கதவையே ஆட்டிக் காட்டுவேன். அப்படிப்பட்டவன், என் மகளின் கால் வலிமையை அளந்த இடத்தில் இரண்டு முறை அருகிலேயே நின்று, வீடியோவும் எடுத்துக்கொண்டு, ஏமாந்து திரும்பினேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிள்ளைகளை இப்படிப்பட்ட மையங்களுக்கு அழைத்துப்போகும் பெற்றோர் பலர் இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

மகள் கல்லூரி அணியில் வாலிபால் ஆடுகிறாள். சென்ற ஆண்டு குதித்து இறங்கும்போது இடது முழங்காலில் ஏ.சி.எல். என்ற மூட்டுப் பிணைப்பு நார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. அந்த மருத்துவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்காவது மாதத்தில், எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். மூன்று மாதங்களுக்கு 24,000 ரூபாய். தொடக்கத்தில் ஒரு வலிமைச் சோதனை, முடிவில் ஒரு சோதனை. அறுவை செய்த காலின் வலிமை 30 சதவீதம் கூடாவிட்டால் பாதிக் கட்டணம் வாபஸ் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தார்கள். இவ்வளவு நேர்மையான வியாபாரிகளும் இருக்கிறார்களே என்று நினைத்தேன். கூடியதா இல்லையா என்று அளக்கப்போவதும் அவர்கள்தான் என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

சோதனை எளிமையானது. உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டையைக் கட்டி, அதைச் சங்கிலியால் நாற்காலியின் பின்காலில் இருக்கும் டைனமோமீட்டர் என்ற விசை அளக்கும் கருவியோடு இணைப்பார்கள். காலை முன்னால் நீட்ட முயன்றால், தொடையின் முன்தசை இழுக்கும் விசை திரையில் கிலோவில் தெரியும். முதல் சோதனையில் வலது கால் 40 கிலோ, இடது கால் 26. அதாவது நல்ல காலின் 65 சதவீதம். ஏழாவது மாதம் நடந்த இரண்டாவது சோதனையில் வலது 39, இடது 36. அறிக்கையில் பச்சை நிறத்தில் இரண்டு வரிகள்: ‘முன்னேற்றம் 38 சதவீதம். இரு கால்களின் ஒப்பீடு 92 சதவீதம், களமிறங்கத் தகுதி.’ மகள் அன்றே ஷூவைத் துடைத்து வைத்துவிட்டாள்.

இந்த 92 வெறும் எண் அல்ல. அறுவை செய்த கால் நல்ல காலின் 90 சதவீத வலிமையையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது ஆட்டத்துக்குத் திரும்புவதற்குப் பரவலாகப் பார்க்கப்படும் நிபந்தனைகளில் ஒன்று. (அதிலும் ஒரு பொத்தல் உண்டு. மாதக்கணக்கில் ஓடாமல் இருந்தால் நல்ல காலும் இளைத்துவிடும்; இளைத்ததோடு ஒப்பிட்டால் எதுவும் தேறியதாகத்தான் தெரியும்.) வலிமை வந்தாலும் ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்க வேண்டாம் என்று சொல்கிறவர்களே அதிகம். இவர்கள் ஏழாவது மாதத்திலேயே சீட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது அறிக்கையால் அல்ல, மாடிப்படியால். இடது காலை முதலில் வைத்து இறங்கும்போது ஒன்றுமில்லை. வலது காலை முதலில் இறக்கி, உடல் எடை முழுவதும் இடது முழங்காலில் நிற்கும் அந்த ஒரு கணத்தில் அவள் கை சுவரைத் தேடியது. 92 சதவீதம் தேறிய கால் எதற்காகச் சுவரைத் தேட வேண்டும்?

அன்றிரவு இரண்டு வீடியோக்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். அவளுடைய இடது கெண்டைக்கால் ஓரத்தில் பிறவி மச்சம் ஒன்று இருக்கிறது. முதல் சோதனையில் பட்டை மச்சத்துக்குக் கீழே, கணுக்காலை ஒட்டியிருந்தது. இரண்டாவது சோதனையில் மச்சமே தெரியவில்லை. பட்டை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வலது காலில் மட்டும் இரண்டு முறையும் பழைய இடத்திலேயே இருந்தது. அவளை உட்கார வைத்து டேப்பால் அளந்தேன். முழங்கால் மூட்டிலிருந்து பழைய இடம் 32 சென்டிமீட்டர், புதிய இடம் 27.

கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கதவு கனக்கும் என்றுதானே வகுப்பில் சொன்னேன்? இங்கே அதையே தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். தசை உண்டாக்குவது மூட்டைச் சுற்றிய திருப்புத்திறனை. அதே திருப்புத்திறனை மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து அளந்தால் கிலோ கூடுதலாகக் காட்டும். தசையில் ஒரு நார்கூட வளர வேண்டியதில்லை. கிலோவை நியூட்டனாக்கி, மூட்டிலிருந்து பட்டை இருக்கும் தூரத்தால் பெருக்கிக் கணக்குப் போட்டேன். முதல் சோதனையில் இடது காலின் திருப்புத்திறன் ஏறக்குறைய 82 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 95. முன்னேற்றம் 38 அல்ல, 17 சதவீதம். வலது கால் 122. ஒப்பீடு 92 அல்ல, 78. உத்தரவாதப்படி அவர்கள் எனக்கு 12,000 ரூபாய் தர வேண்டும்.

அந்த 17-ஐயும் நான் முழுதாக நம்பவில்லை. முதல் சோதனை காலை ஏழு மணிக்கு நடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவளை நேராக நாற்காலியில் ஏற்றினார்கள். உடலைச் சூடேற்றவில்லை, பழக்கிப் பார்க்கவில்லை, ஒரே ஒரு முயற்சி. அளந்த பையன் பாதி நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது சோதனை மாலை ஐந்தரைக்கு. பத்து நிமிடம் சைக்கிள், இடுப்புக்கும் தொடைக்கும் இறுக்கமான பெல்ட், ஐந்து முயற்சிகளில் உயர்ந்த எண் எதுவோ அது கணக்கில். பக்கத்தில் நின்று ‘இன்னும், இன்னும்’ என்று இரண்டு பேர் கத்தினார்கள். ஒரு மனிதனின் உச்ச வலிமை பொதுவாகக் காலையைவிட மாலையில் சற்றுக் கூடுதலாக இருக்கும். கத்தி ஊக்கினால் கூடும். எப்படி இழுப்பது என்று பழகிவிட்டாலே கூடும். இவை எல்லாம் முதல் சோதனையில் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் இருந்தால், பயிற்சியால் வந்தது எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

அதே அறிக்கையில் ‘லெக் பிரஸ் உச்சம் 85 கிலோ’ என்று இன்னொரு வரி. லெக் பிரஸ் என்பது எடை ஏற்றிய மேடையைக் கால்களால் தள்ளும் கருவி. அவள் 85 கிலோவைத் தொட்டதே இல்லை. 40 கிலோவை 20 முறை தள்ளினாள்; மீதியைச் சூத்திரம் தள்ளியது. சில முறை மட்டுமே தூக்க முடிந்த எடையிலிருந்து, ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையை ஊகிக்கச் சூத்திரங்கள் உண்டு. எப்லி, பிரிஸிக்கி என்ற இரண்டும் அதிகம் புழங்குபவை. 60 கிலோவைப் பத்து முறை தூக்கினால் இரண்டும் ஒரே குரலில் 80 என்கின்றன. 40 கிலோவை 20 முறை என்று கொடுங்கள்: எப்லி 67 என்கிறது, பிரிஸிக்கி 85. முறை கூடக்கூட அங்கே அளக்கப்படுவது வலிமையைவிடத் தாக்குப்பிடிக்கும் திறன்தான். எந்தச் சூத்திரம் கூடுதல் காட்டுகிறதோ அது அறிக்கையில் ஏறியிருந்தது. போதாததற்கு, லெக் பிரஸ் மேடை 45 பாகை சாய்வில் ஓடுவது. அதில் 100 கிலோ ஏற்றினால், உராய்வை விட்டுவிட்டால், கால் தள்ளுவது சுமார் 71 கிலோவைத்தான். வேறொரு கருவியில் வந்த எண்ணோடு அதை ஒப்பிடவே முடியாது.

மறுநாள் நேரில் போய்க் கேட்டேன். உரிமையாளர் கோபப்படவில்லை. “சார், இது வெளிநாட்டுக் கருவி, தப்பே காட்டாது” என்றார். சரி என்று அவர்கள் இடத்திலிருந்தே 20 கிலோ தட்டு ஒன்றை எடுத்து அந்த டைனமோமீட்டரில் தொங்கவிடச் சொன்னேன். 20.1 காட்டியது. கருவி நிரபராதி. பட்டையை ஏன் மேலே ஏற்றினீர்கள் என்று வீடியோவைக் காட்டினேன். “வலிக்கிறது என்று பாப்பாதான் சொல்லியிருக்கும்” என்றார். மகள் பக்கத்திலேயே நின்றாள். “நான் சொல்லவில்லை, சார்” என்றாள். அதன்பிறகு ஒரு மாதம் இலவசப் பயிற்சி தருவதாகச் சொன்னார். பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. வேண்டுமென்றே செய்தார்களா, அலட்சியமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அலட்சியம் என்றால் நல்ல காலிலும் அல்லவா பட்டை நகர்ந்திருக்க வேண்டும்?

பிறகு வேறொரு ஊரில் ஐசோகைனடிக் கருவி, அதாவது காலை ஒரே சீரான வேகத்தில் நகரவிட்டுத் திருப்புத்திறனை அளக்கும் கருவி, இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே அளந்த பெண், முதல் கால் மணி நேரம் அளக்கவே இல்லை. மூட்டின் அச்சும் கருவியின் அச்சும் ஒரே கோட்டில் வரும்வரை நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தார். காலைத் தளர்த்தித் தொங்கவிடச் சொல்லி, காலின் சொந்த எடையை அளந்து கணக்கில் சேர்த்தார். மெதுவாகச் சில முறை பழக்கினார். பிறகுதான் வினாடிக்கு 60 பாகை வேகத்தில் சோதனை. இரு கால்களுக்கும் ஒரே எண்ணிக்கை முயற்சி, ஒரே ஓய்வு, ஒரே சொற்களில் ஊக்கம். நாற்காலி அமைப்பு, கருவியின் நெம்புகோல் நீளம், மூட்டுக்கோணம் எல்லாம் தாளில் எழுதப்பட்டன. விடை 76 சதவீதம். என்னுடைய டேப் கணக்கு 78. கருவி வேறு, முறை வேறு என்பதால் இரண்டும் அவ்வளவு நெருங்கியது ஓரளவு தற்செயல்தான்; ஆனாலும் 92 பொய் என்பதற்கு அது போதும்.

நீங்கள் போகும் இடத்தில் கோடி ரூபாய்க் கருவி இருக்க வேண்டும் என்றில்லை. பட்டையும் சங்கிலியும் போதும், ஒழுங்காக அளந்தால். மூட்டிலிருந்து பட்டை எத்தனை சென்டிமீட்டர், முழங்கால் எத்தனை பாகை மடங்கியிருந்தது, எத்தனை முயற்சி, உயர்ந்ததை எடுத்தார்களா சராசரியா, எந்த நேரம் என்பவை அறிக்கையில் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் சோதனைக்கு முன்பே கேளுங்கள். இரண்டாவதற்குப் பிறகு கேட்டால் என்னைப்போல வாதாடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். முன்னேற்றத்துக்கு உத்தரவாதம் தரும் இடமாக இருந்தால், கடைசிச் சோதனையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுப்பதற்காக நோட்டீஸ், இரண்டு அறிக்கைகள், வீடியோக்கள் ஆகியவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறேன். அதே மையத்தில் சோதனை செய்துகொண்டவர்கள் வீடியோ எடுத்திருந்தால் பட்டை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மகளுக்கு அடுத்த சோதனை பத்தாவது மாதத்தில். மச்சத்துக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போகப்போவதாகச் சொல்கிறாள்.