டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை: இரண்டு ஸ்டெப்னிகளோடு 736 கிலோமீட்டர்

கனடாவின் யூக்கான் பகுதியில், டாசன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கிளாண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, மெக்கன்சி ஆற்றின் கழிமுகத்திலுள்ள இனுவிக் ஊர் வரை 736 கிலோமீட்டர் நீள்கிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. ஜூலை மாதத்தில் போய்வர ஐந்து நாள்கள் ஆயின. தொடக்கத்தில் சிறிது தொலைவோடு தார்ப்பூச்சு முடிந்துவிட, அதற்கப்பால் சரளைதான். நெடுஞ்சாலை என்ற பெயரை நம்பி வந்தவர்கள் எரிச்சலில் மதிப்புரைகளில் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தச் சாலையின் அடியில் கிடப்பது ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் மண். மேலே படர்ந்த பாசியைச் சுரண்டியெடுத்துவிட்டுச் சாலை போட்டால், கோடை வெயிலில் உள்ளிருக்கும் பனி உருகி நிலம் சேறாக உள்வாங்கிவிடும். ஆகவே மண்ணைக் கிளறாமல், அதன்மீது 1.2 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை தடிமனாகச் சரளையைக் கொட்டி, குளிர் வெளியேறாதபடி போர்த்தி வைத்திருக்கிறார்கள். தரை அசைந்து மேடுபள்ளம் விழுந்தாலும், சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டிச் சரிசெய்துவிடலாம். தார் போட்டிருந்தால் ஒவ்வொரு கோடையிலும் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

எண்ணெய்க்காகத்தான் இது போடப்பட்டது. பிரதமர் டீஃபென்பேக்கரின் ஆட்சியில் 1959-இல் பணி தொடங்கி, சுமார் 115 கிலோமீட்டர் போட்டதும் 1961-இல் நின்றுபோனது. 1968-இல் அலாஸ்காவின் புருடோ பேயில் எண்ணெய் கண்டறியப்பட்ட பின்னரே மறுபடி உயிர்பெற்று, 1979 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டது. பழைய நாய்வண்டித் தடத்தைப் பெரிதும் ஒட்டியே சாலை செல்கிறது. 1910-11 குளிர்காலத்தில் ஃபோர்ட் மெக்பர்சனிலிருந்து டாசனுக்குப் புறப்பட்ட காவல் அதிகாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, வழியறிந்த குவிச்சின் பழங்குடி வழிகாட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாதை தவறி, மூன்று காவலர்களோடு மாண்டார். அவர்களைத் தேடிச் சென்று உடல்களைக் கண்டெடுத்த காவலர் டெம்ப்ஸ்டரின் பெயரைத்தான் சாலை தாங்கி நிற்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். வெயில் காய்ந்த நாளில் சரளை இறுகி, வண்டி நிதானமாக ஓடுகிறது; எதிரே லாரி வந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்காவிட்டால் கண்ணாடி தப்பாது. மழை பெய்துவிட்டால் கதையே வேறு. தூசியடக்கத் தெளிக்கும் கால்சியம் குளோரைடும் களிமண்ணும் சேர்ந்து, சோப்பு தடவிய தரைபோல் வழுக்குகிறது. என் பயணத்தில் இரண்டு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர்கூட நகராத பகுதியும் உண்டு. சரளையில் கலந்திருக்கும் கூரிய பாறைச் சில்லுகள் ஒரு டயரைக் கிழித்துவிட்டன. காரை வாடகைக்கு எடுத்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், சரளைச் சாலையில் நேரும் சேதத்துக்குக் காப்பீடு இல்லை என்ற வரி பொடி எழுத்தில் இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். நீங்கள் முன்பே படித்துவிடுங்கள்.

சாலை பிரியுமிடத்திலிருந்து 369-ஆவது கிலோமீட்டரிலுள்ள ஈகிள் பிளெய்ன்ஸ் வரை பெட்ரோல் கிடையாது. அங்கே தொட்டியை நிரப்பிக்கொண்டால் அடுத்தது ஃபோர்ட் மெக்பர்சன், இன்னும் 180 கிலோமீட்டர். பீல் ஆற்றையும் மெக்கன்சி ஆற்றையும் கடக்க அரசின் கட்டணமில்லாப் படகுகள் வண்டியோடு ஏற்றிச் செல்கின்றன. குளிர்காலத்தில் ஆற்றுப் பனிமேலேயே ஓட்டிச் செல்லலாம். ஆனால் பனி உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் படகும் பனிப்பாதையும் இல்லாமல், வடகரை ஊர்களுக்குச் சாலைத் தொடர்பே அறுந்துபோகும் என்பதால், அந்த வாரங்களில் பயணம் வைக்கவே கூடாது. 2017 நவம்பரில் திறந்த சாலை வழியே இனுவிக்கிலிருந்து இன்னும் 138 கிலோமீட்டர் ஓட்டினால் டுக்டோயாக்டுக்கில் ஆர்க்டிக் கடலையே தொடலாம். எனக்கு நாள் போதவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் தருகிறேன். குறைத்த ஒன்று அந்த மழைநாளுக்கு.