சிங்கப்பூரில் அறை என்று சொல்லி என் 82,500 ரூபாயை எடுத்துவிட்டார்கள்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தையல் மெசினை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன காசு 82,500 ரூபாய். பரந்தனில் வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுக்கிறவள் நான். ஒரு சட்டைக்குக் கூலி 750. அப்படியென்றால் 110 சட்டை.

நான்கு நாள் தனியாக ஒரு வெளிநாட்டு ஊரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வேலைக்கு இல்லை, சொந்தம் பார்க்க இல்லை, சும்மா பார்க்க. இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்தேன். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை, தமிழும் அங்கே ஆட்சிமொழி. அதனால்தான் சிங்கப்பூர். விமான டிக்கெட்டை அக்காவின் மகன் போட்டுத் தந்தான், அதில் ஒரு பிழையும் இல்லை. அறைதான் வினையாகிப்போனது.

முகநூலில் சுற்றுலா ஏற்பாடு செய்கிற ஒரு பக்கம். பெயர் போடவில்லை. முறைப்பாடு முடியும்வரை போட வேண்டாம் என்று அக்காவின் மகன் சொல்கிறான். கேலாங் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பில் அறை, நான்கு இரவு 78,000 என்று படம் போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பு, யன்னல், சின்னக் குசினி. விலை கேட்டு எழுதினேன், உடனே அழைப்பு வந்தது.

“அக்கா, நானும் யாழ்ப்பாணம்தான். எங்கட சனத்துக்குத்தான் இந்த விலை. தனிய வாற பொம்பிளைப் பிள்ளைக்கு நாங்கள் பொறுப்பு, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ.”

அப்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது. “பொறுங்கோ அக்கா, பிள்ளை அழுகுது” என்று போனை வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுத்தான். நான் நம்பியது அந்த இடத்தில்தான். பிள்ளைகுட்டிக்காரன், எங்கள் பேச்சுப் பேசுகிறவன், ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். போகுமுன் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கு 4,500 என்றான். சரி என்றேன். மொத்தம் 82,500. கிளிநொச்சியில் வங்கிக்குப் போய்க் கட்டினேன். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஓர் ஆளின் பெயரில் இருந்தது. காசாளர் பிள்ளை “தெரிஞ்ச ஆளோ அக்கா?” என்று கேட்டாள். “ஓம், எங்கட ஆள்தான்” என்றேன். அந்தப் பிள்ளை ஒருக்கால் யோசிக்க வைத்தாள், நான்தான் யோசிக்கவில்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நான்கு மணி நேரம். அங்கே நேரம் எங்களைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால் சாங்கியில் இறங்கும்போது இரவாகிவிட்டது. ரயிலில் தானா மேராவில் மாறி, அவன் அனுப்பிய முகவரிக்குப் போனேன். வாசலில் காவலாளி. நல்ல காலம், மலேசியத் தமிழர். முகவரியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இந்த நம்பர் வீட்ல ஒரு சீனக் குடும்பம் இருக்கும்மா. அதோட இங்க மூணு மாசத்துக்குக் குறைவா வாடகைக்கு விடவே கூடாது, சட்டம்” என்றார். தனியார் வீடு என்றால் குறைந்தது மூன்று மாதமாம். அரசு அடுக்குமாடி என்றால் ஆறு மாதம், சுற்றுலா வந்தவர்களுக்குக் கொடுக்கவே முடியாதாம். அப்படியென்றால் அந்த விளம்பரமே தொடக்கத்திலிருந்து பொய்.

போன் எடுத்தேன். முதல் தடவை, “அக்கா, வீட்டுக்காரரோட கதைச்சிட்டு எடுக்கிறன்.” இரண்டாவது தடவை மணி மட்டும் அடித்தது. மூன்றாவது தடவை துண்டித்தான். இரவு பத்து மணிக்குத் தெரியாத தெருவில் பையோடு நின்றேன். 2009இல் போர் முடிந்த பிறகு இனி இப்படிப் பையும் கையுமாக நிற்கக் கூடாது என்று நினைத்து வாழ்ந்தவள் நான். கை நடுங்கியது.

அந்தக் காவலாளி ஐயாதான் லிட்டில் இந்தியாவில் பெண்களுக்குத் தனி அறை உள்ள ஒரு விடுதிக்குப் பேசி, போகிற வழியும் எழுதித் தந்தார். இரண்டடுக்குக் கட்டில், ஓர் இரவுக்கு 40 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டொலர். நான்கு இரவுக்கு 160 வெள்ளி. சாப்பாட்டுக்கும் சாமானுக்கும் வைத்திருந்த காசு அதிலேயே போய்விட்டது. அம்மாவுக்கு ஒரு சேலைகூட வாங்க முடியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்த ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டட வேலை நடக்கிற இடத்து வேலியில் ‘அபாயம்’ என்று தமிழில் எழுதியிருந்தது. எங்கள் பக்கம் அந்தச் சொல்லைச் சிவப்புப் பலகையில், மிதிவெடிக்குப் பக்கத்தில்தான் வாசித்து வளர்ந்தோம். அங்கே மனிதர் தலையில் கல் விழக் கூடாது என்பதற்காக எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கன நேரம் நின்றேன். காத்தோங்கில் சிலோன் ரோடு என்றே ஒரு தெரு இருக்கிறது. அதில் செண்பக விநாயகர் கோயில், எங்கள் இலங்கைத் தமிழர் தொடக்கிய கோயில். அங்கே போய் அழுதேன், மனம் கொஞ்சம் இறங்கியது. கரையோரப் பூந்தோட்டத்தில் இரவு 7:45க்கு அந்தப் பெரிய இரும்பு மரங்கள் பாட்டோடு ஒளிர்வதைப் பார்க்கக் காசு இல்லை. இரண்டு இரவு போனேன். புல்லில் படுத்து மேலே பார்த்தபோது 82,500 ஐயும் மறந்திருந்தேன்.

விடுதியில் ஒரு பிள்ளை சொல்லித்தான் தெரியும், அந்த வருகை அட்டை இலவசம். குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில், போய்ச் சேருகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நாமே நிரப்பலாம். ஐந்து நிமிட வேலைக்கு 4,500. அதோடு நான் அனுப்பிய கடவுச்சீட்டின் படம் இப்போதும் அவனிடம் இருக்கிறது. அதுதான் இப்போது என் பெரிய பயம்.

ஊர் திரும்பியதும் விடாமல் போன் எடுத்தேன். “ரீஃபண்ட் 21 வேலை நாள் எடுக்கும்.” பிறகு, “நீங்கள் பிந்திப் போனதால்தான் அறை போனது.” பிறகு வேறொருவன், “அவர் இப்ப எங்களோட வேலை செய்யிறேல்லை.” வங்கியில், நீங்களாக அனுப்பிய காசு, பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். நாளைக்கு ரசீதோடு பொலிசுக்குப் போகிறேன். கொழும்பில் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கும் சொல்லப்போகிறேன்.

தனியாகப் போகிற பெண்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், எழுத மனம் ஓடவில்லை. ஆளின் பெயரில் உள்ள கணக்குக்குக் காசு போடாதீர்கள். முகவர் என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவைக் கேளுங்கள். அறையை, போய்ச் சேர்ந்து கட்டுகிற மாதிரி எடுங்கள். கடவுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

இப்போதுதான் பார்த்தேன், அதே பக்கத்தில் புது விளம்பரம், பாங்கொக், நான்கு இரவு. கீழே முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருத்தி விலை கேட்டிருக்கிறாள். கட்ட வேண்டாம் என்று அவளுக்கு எழுதினேன், ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். தங்கச்சி, இதை வாசித்தால் காசு கட்டாதையுங்கோ.