நெருக்கமான கராஜில் ஒரு ஃபார்முலா வீ: ஏழாண்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில், மேட்டுத் தெரு ஒன்றில் இருக்கிறது எங்கள் வீடு. அதன் கராஜ் 3 மீட்டர் அகலமும் 5.8 மீட்டர் நீளமும் கொண்டது. துணி துவைக்கும் இயந்திரம், ஆழ்குளிர்ப் பெட்டி, விசேஷங்களுக்கான பெரிய பாத்திரங்கள் அடுக்கிய இரும்பு அலமாரி ஆகியவற்றோடு 2018ஆம் ஆண்டு முதல் ஒரு ஃபார்முலா வீ பந்தயக் காரும் அங்கே இருந்து வருகிறது. சமையலறையிலிருந்து பின்முற்றத்துக்குப் போகும் வழியும் அந்தக் கராஜ்தான். எனவே, பிறர் நடக்கும் வழியை மறைக்காமல் காரை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதே இத்தனை ஆண்டுகளும் என் கவலையாக இருந்திருக்கிறது.

இந்த வகைக் காரை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். 1960களில் அமெரிக்காவில் வளர்ந்த ஃபார்முலா வீ, வோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சின், கியர்பெட்டி, முன் அச்சு ஆகியவற்றைக் கொண்டு கட்டப்படும் ஒற்றை இருக்கைக் கார். தென்னாப்பிரிக்காவில் 1951 முதல் 1979 வரை யூட்டன்ஹேக் ஆலையில் பீட்டில் கார்கள் உருவானதால், அதன் பாகங்கள் இங்கே நெடுங்காலம் எளிதாகக் கிடைத்தன. என் கார் 3.3 மீட்டர் நீளம், டயர்களின் வெளிவிளிம்புவரை 1.5 மீட்டர் அகலம், ஓட்டுநர் இல்லாமல் 390 கிலோ எடை. எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையின் பெரும்பங்கும் பின்சக்கரங்கள் மேல்தான் விழுகிறது.

கராஜின் கதவு 2.4 மீட்டர் அகலமே உடையது; இருபுறமும் முப்பது சென்டிமீட்டர் சுவர் நீட்டிக்கொண்டிருக்கிறது. காரை நேராகத் தள்ளி உள்ளே கொண்டுவந்தால் அது சுவரோரம் போய் ஒட்டாது, நடைவழிக்கு நடுவில்தான் நிற்கும். ஸ்டியரிங் குறைவாகவே திரும்பும் காரை முன்னும் பின்னும் தள்ளி ஓரங்கட்ட அங்கே நீளமும் போதாது. ஆகவே காரைப் பக்கவாட்டில் நாற்பது சென்டிமீட்டர் நகர்த்தியாக வேண்டும். நான் செலவழித்த பணமும் உழைப்பும் பெரும்பாலும் அந்த நாற்பது சென்டிமீட்டருக்காகத்தான்.

முதலில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் வைக்க, டாலி எனப்படும் உருளும் சிறு தட்டுகள் நான்கை வாங்கினேன். வழவழப்பான தரையில் அவை நன்றாகவே உருளும். என் கராஜின் கான்கிரீட்டோ பழையது. சிறு கல்லோ விரிசலோ குறுக்கிட்டால் போதும், ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குட்டிச் சக்கரங்கள் அப்படியே நின்றுவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் பீட்டிலின் பின் அச்சில் இருந்தது. காரின் பின்புறத்தை ஜாக்கால் தூக்கும்போது, கியர்பெட்டியின் இருபுறமும் ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடும் அரை அச்சுகள் கீழ்நோக்கித் தொங்கி, இரண்டு சக்கரங்களின் அடிப்பாகமும் உள்ளே மடங்கிக்கொள்ளும். இறக்கும்போது சக்கரங்கள் மறுபடி வெளியே விரிய வேண்டும். டாலி நகர மறுத்தால் அவை விரியாமல், கார் குதிகாலை உயர்த்தி நிற்பதுபோல் நிற்கும். பிறகு தள்ளும்போது சட்டென்று அமர்ந்து டாலியை உதைத்துத் தள்ளிவிடும். ஒருமுறை இப்படித் தெறித்த டாலி என் தம்பியின் கணுக்காலில் பட்டு, அவன் இரண்டு வாரம் நொண்டி நடந்தான். இந்தக் காருக்கு டாலி பொருந்தாது என்று அன்றே முடிவு செய்தேன். வேறு வகைப் பின் அச்சு உள்ள கார்களுக்கு அது பயன்படலாம். அதை நான் மறுக்கவில்லை.

அடுத்து நானே வடிவமைத்து, பக்கத்துத் தெரு வெல்டரிடம் கொடுத்துச் செய்த தாழ்வான இரும்புச் சட்டத்தைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். நான்கு சக்கரங்களும் அமரும் தட்டுகள் தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கும். சட்டத்தைத் தாங்கும் 125 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் சக்கரங்கள் ஆறும் தட்டுகளுக்கு இடையிலும் வெளியிலும் இருக்கும். ஜாக்குக்கு வேலையே இல்லை. மரத்தாலான சிறு சாய்வுப் பலகை வழியாகக் காரை உருட்டி மேலேற்றுவதால், அச்சு தொங்குவதும் இல்லை, மடங்குவதும் இல்லை. ஏறியதும் சட்டத்தோடு சேர்த்து இரண்டு பேர் சுவர்ப்பக்கம் தள்ளினால் ஆறு நிமிடத்தில் வழி திறந்துவிடும். சட்டத்துக்கு முன்பே தரையைச் செப்பனிட்டிருந்தால் முதலாண்டுத் தொல்லைகளில் பாதியைத் தவிர்த்திருப்பேன் என்பது என் வருத்தம். விரிசல்களை எப்பாக்ஸிக் கலவையால் நிரப்பிய ஒரு வாரயிறுதி வேலை, நான் வாங்கிய எந்தக் கருவியையும்விட அதிகப் பலன் தந்தது.

தண்ணீர் வடிவதற்காகக் கராஜ் தரை கதவை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஃபார்முலா வீக்குக் கைப்பிரேக் கிடையாது. சட்டத்தின் சக்கரப் பூட்டுகளை மட்டும் நம்புவது ஆபத்து. கதவுப்பக்கம் இரண்டு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்த பிறகே காரிலிருந்து கையை எடுப்பது எங்கள் வழக்கம்.

காரை மேலேற்றுவதற்கு முதலில் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) ஒன்றைப் பொருத்தியிருந்தேன். 2023இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது, பந்தயம் முடிந்து இரவு வீடு திரும்பினால் கார் தெருவிலேயே கிடக்க வேண்டியதாயிற்று. அதைக் கழற்றிவிட்டுப் பின்சுவரில் கைவின்ச் மாட்டினேன். 390 கிலோவை அந்தச் சிறு சரிவில் இழுக்க ஒரு கையே போதும். நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும் பற்சக்கரமும் அதில் இருக்கிறது.

நீண்டகாலம் நிறுத்திவைப்பது பற்றி எனக்குப் பாடம் கற்பித்தது 2020 மார்ச் 27இல் தொடங்கிய ஊரடங்கு. ஐந்து மாதம் அசையாமல் இருந்த காரின் டயர்கள் தரைபட்ட இடத்தில் தட்டையாகிவிட்டன. கடற்காற்றின் ஈரத்தில் பிரேக் டிரம்மின் உட்புறம் துருப்பிடித்து லைனிங்கோடு ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் காரைத் தாங்கிகள் மேல் நிறுத்துகிறேன். ஆனால் பின்புறத் தாங்கிகளைக் காரின் சேஸிஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) அடியில் வைக்காமல், அச்சுக்குழாய்களுக்கு அடியில் வைக்கிறேன். அப்போதுதான் அரை அச்சுகள் முழுதாகத் தொங்கி ரப்பர் உறைகளைக் கிழிக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சக்கரங்களைக் கையால் சுழற்றிவிடுகிறேன்.

பெட்ரோல் விஷயத்தில் எங்கள் வீட்டில் விட்டுக்கொடுத்தலே இல்லை. புரட்டாசி முடிவிலும், தைப்பூசத்துக்குக் காவடி கட்டும் வாரத்திலும் அந்தக் கராஜில்தான் கேஸ் அடுப்பு வைத்துப் பெரிய அளவில் சமைப்போம். எனவே ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் தொட்டியைக் காலி செய்து, பெட்ரோலை முற்றத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். சமையல் நாளில் சட்டத்தோடு காரையும் முற்றத்துக்குத் தள்ளித் தார்ப்பாய் போடுகிறோம். என் மாமியார் அடுப்புப் பற்றவைக்கும் முன், "பெட்ரோல் வாசனை இல்லைதானே, தம்பி?" என்று ஒருமுறை கேட்காமல் இருக்கமாட்டார், அவர் கேட்பது முற்றிலும் சரி.

2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் மேட்டிலிருந்து வழிந்த நீர் கராஜுக்குள் ஒரு சாண் அளவுக்கும் குறைவாகவே ஏறியது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டத்தின் ஆறு சக்கரங்களின் பேரிங்குகளில் மட்டும் சேறு புகுந்துவிட்டதால் எல்லாவற்றையும் மாற்ற நேர்ந்தது. இம்முறை கிரீஸ் அடிக்கும் முனை உள்ளவற்றை வாங்கினேன். முதலிலேயே அப்படி வாங்கியிருக்க வேண்டும்.

வெளியூர்ப் பயணத்துக்கு பிரேக் இல்லாத டிரெய்லர்தான் உதவுகிறது. இந்நாட்டு விதிப்படி அதன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது, இழுக்கும் வண்டியின் வெற்றெடையில் பாதிக்கு மேலும் போகக் கூடாது. என் டிரெய்லரும் காரும் உதிரிச் சக்கரங்களும் சேர்ந்தே 700 கிலோவை எட்டுவதால், கருவிப் பெட்டிகளை நாங்கள் பக்கி என்று சொல்லும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். போர்ட் ஷெப்ஸ்டனிலுள்ள டெஸி ரேஸ்வேக்குப் போவது எளிது. ஜோஹானஸ்பர்க் அருகிலுள்ள கியாலாமி பந்தயத்தடத்துக்குப் போகும்போது வான் ரீனன் மலைக்கணவாயில் ஏற வேண்டும். அதைத் தாண்டி ஹாரிஸ்மித் ஊரில் நிறுத்தி, காரைக் கட்டிய பட்டைகளை மறுபடி இறுக்கிய பிறகே பயணத்தைத் தொடர்கிறேன்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. எங்கள் தெருவின் சரிவில் டிரெய்லர் எப்போதும் ஒருபக்கம் சாய்ந்தே நிற்பதால், காரை இறக்கும்போது அது மெல்ல இடப்புறம் விலகுகிறது. இப்போதைக்குத் தாழ்ந்த பக்கத்து டயரின் அடியில் பலகை வைத்துச் சமன்படுத்துகிறோம்; தம்பி கைவின்ச்சைத் தளர்த்த, நான் கட்டையோடு சக்கரத்தின் அருகில் நடந்து வருகிறேன். டிரெய்லரில் சக்கரங்கள் உருளும் இரண்டு பாதைகளுக்கும் உட்புறம் வழிகாட்டும் இரும்புக் கோணங்களை வெல்ட் செய்ய அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.