உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எந்த வாஷிங் மெஷின்? டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா?

ஃப்ரண்ட் லோடு மெஷினைக் கொடுத்துவிட்டு டாப் லோடு வாங்கினோம் என்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் ஏன் என்றுதான் கேட்கிறார்கள். விலை கூடின மெஷினிலிருந்து விலை குறைந்ததுக்கு யாராவது மாறுவார்களா என்று ஆச்சரியம் அவர்களுக்கு. எங்கள் காரணம் தண்ணீர். தாம்பரத்துக்குத் தெற்கே நாங்கள் இருக்கும் தெருவில் துவைக்க, குளிக்க எல்லாமே போர் தண்ணீர்தான். ஷவர் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும், பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரவென்று படிந்திருக்கும். சென்னைப் புறநகரில் பல பேருக்கு இது தெரிந்த கதை.

தண்ணீர் நன்றாக இருந்தால் ஃப்ரண்ட் லோடுதான் மேல், அதில் பேச்சே இல்லை. டிரம் படுத்தவாக்கில் சுற்றித் துணியைத் தூக்கித் தூக்கிப் போடுவதால் சேலை முறுக்கிக்கொள்வதில்லை. 7 கிலோ மெஷின் ஒரு தடவைக்கு ஐம்பது, அறுபது லிட்டரில் வேலையை முடித்துவிடும். டாப் லோடு 100 லிட்டரைத் தாண்டும். ஃப்ரண்ட் லோடு நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் வைத்துப் பிழிவதால் ஐப்பசி மழையிலும் துணி சீக்கிரம் காயும். டாப் லோடில் குனிய வேண்டியதில்லை, விட்டுப்போன துணியை நடுவில் போடலாம், விலை கிட்டத்தட்டப் பாதி. இதெல்லாம் கடையில் விற்பவரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாதது பராமரிப்பு. அது முழுக்கத் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கிற கால்சியம், மக்னீசியத்தின் அளவைப் பொறுத்தது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் இதில் எங்கே நிற்கிறது என்று மெஷின் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பலர் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். அது கரைந்திருக்கிற எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். மெஷினுக்குப் பகையான கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று அதில் தெரியாது. சொட்டு விட்டுப் பார்க்கும் கடினத்தன்மைக் கிட் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் அது கடின நீர்.

அந்தத் தண்ணீர் ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குள் போனால் இரண்டு இடத்தில் வேலையைக் காட்டும். முதலாவது ஹீட்டர். கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூடான கம்பியிலேயே ஓடாகப் படியும். கீசர் காயிலில் நடப்பது அப்படியே இங்கேயும் நடக்கும். ஓடு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி, ஒருநாள் ஹீட்டர் எரிந்துபோகும். சரி, ஹீட்டர் பெரிய விஷயமில்லை. சர்வீஸ்காரர் ஒரு நட்டைக் கழற்றி மாற்றிவிடுவார். வேண்டாம் என்றால் பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கலாம், 15 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாக்க ஆகும் அரை யூனிட் மின்சாரமும் மிச்சம். ஆனால் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வசதியில் பாதி அப்போதே போய்விடுகிறது.

இரண்டாவது இடம்தான் என்னை மாற்ற வைத்தது. ஃப்ரண்ட் லோடு டிரம்மின் முதுகில் மூன்று கை விரித்த மாதிரி ஒரு தாங்கி இருக்கும். ஸ்பைடர் என்பார்கள். டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்பைடரோ பெரும்பாலும் அலுமினியக் கலவை வார்ப்பு. கடின நீரில் பவுடர் பாதி வேலைதான் செய்யும் என்பதால் நாம் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி போடுவோம். கரையாத பவுடர், துணிப் பஞ்சு, உப்பு மூன்றும் கூழாகி அந்தக் கைகளின் இடுக்கில் அப்பிக்கொள்ளும். அங்கே காற்றுப் புகாது, காயவும் காயாது. காரத்தன்மையுள்ள அந்த ஈரம் அலுமினியத்தை மெல்ல மெல்ல அரிக்கும். பிழியும்போது கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தால் ஸ்பைடரோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தொட வேண்டுமானால் பெல்ட், ஹீட்டர், வாசல் ரப்பர், எடைக்கு வைத்திருக்கும் கான்கிரீட் கட்டி என எல்லாவற்றையும் கழற்றி, டிரம்மைச் சுற்றியிருக்கும் டப்பையே வெளியே எடுக்க வேண்டும். அந்த டப் ஒட்டி மூடிய வகையாக இருந்துவிட்டால் பிரிக்கவும் முடியாது, முழுசாக மாற்றச் சொல்வார்கள். எங்கள் பழைய மெஷினுக்கு அப்படித்தான் சொன்னார்கள். கேட்ட தொகைக்கு ஒரு புது டாப் லோடே வந்துவிடும்.

டாப் லோடிலும் இதே அழுக்குதான் சேர்கிறது, ஆனால் எட்டிப் பிடிக்கிற இடத்தில் சேர்கிறது. அடியில் சுற்றும் தட்டு, அதாவது பல்சேட்டர், பல மாடல்களில் நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, தட்டின் துளைகளில் இரண்டு கம்பிக் கொக்கியை மாட்டி நேராக மேலே இழுத்தால் பொளக்கென்று வந்துவிடும். திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று பவுடர் கூழ், அதன் நடுவே வெள்ளை உப்புச் சில்லு, ஊக்கு, ஹேர்பின், நைந்துபோன பேருந்துச் சீட்டு. பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டிவிடலாம், கடைக்குப் போய்வரும் நேரம்கூட ஆகாது. உள் டிரம்மையே வெளியே எடுத்துக் கழுவ சர்வீஸ்காரர் வேண்டும், அந்தப் பெரிய நட்டுக்குத் தனி ஸ்பேனர் வேண்டும். ஆனாலும் அது வீட்டிலேயே முடிகிற வேலை. கழற்ற முடிகிற மெஷின் பிழைத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு.

தண்ணீர் அழுத்தத்தைப் பார்த்தாலும் டாப் லோடு பக்கமே சாய்கிறது. தொட்டிக்கும் மெஷினுக்கும் இடையே ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். மேல் மாடி வீட்டில் தொட்டி தலைக்கு மேலேயே இருந்தால் மொத்தம் 0.3 பார் தேறுவதே கஷ்டம். பல ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் குறைந்தது அவ்வளவாவது கேட்கும். இல்லையென்றால் தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும், அப்புறம் தனியாக ஒரு பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். பொருத்தும்போது வடிகால் குழாயையும் கவனியுங்கள். பல டாப் லோடுகள் தண்ணீரைத் தானாக வழியவிடும் வகை. குழாய் தரையோடு போக வேண்டும், பாத்ரூம் வாசல்படியில் ஏறி இறங்கக் கூடாது. ஃப்ரண்ட் லோடுக்கு நேர்மாறு: குழாயைத் தரையிலிருந்து இரண்டடிக்கு மேலே தூக்கி மாட்டாவிட்டால், ஏற ஏறத் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

எந்த மெஷினானாலும் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையை அவ்வப்போது இடுக்கியால் இழுத்துக் கழுவுங்கள். மெஷின் நிரம்ப நேரமாகிறது என்றால் முதலில் அங்கேதான் அடைப்பு. உப்பு எடுக்கும் பவுடரை மாதம் ஒருமுறை போட்டு வெறும் மெஷினை ஓட்டலாம். அந்தப் பவுடர் அமிலம். அதோடு பிளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். குழாயில் மாட்டும் பாலிபாஸ்பேட் உருண்டை ஃபில்டர் கடினத்தன்மையை எடுப்பதில்லை, படிவதைத்தான் தடுக்கும். எடுக்க வேண்டுமானால் கல்லுப்பு போட்டுப் புதுப்பிக்கிற ரெசின் வகை சாஃப்ட்னர் வேண்டும். வீடு முழுவதுக்கும் அது வைத்திருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன வாதம் பெரும்பாலும் பொருந்தாது.

கடினமில்லாத சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கும் பொருந்தாது. அங்கே இருந்தால் நானும் ஃப்ரண்ட் லோடுதான் வாங்கியிருப்பேன். எங்கள் டாப் லோடு இன்னும் பழசாகவில்லை, பத்து வருஷம் ஓடுமா என்று இப்போதே சத்தியம் செய்ய முடியாது. பட்டும் மெல்லிய காட்டனும் அதில் போடுவதில்லை, கையால்தான் துவைக்கிறோம். அது ஒரு குறைதான். செமி ஆட்டோமேட்டிக்கை அம்மா வீட்டில் பார்த்த பழக்கம் மட்டும்தான் எனக்கு. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தாலும் பக்கெட்டில் ஊற்றித் துவைக்கலாம், ஒரு சோப்புத் தண்ணீரில் இரண்டு ஈடு போடலாம். பக்கத்தில் நின்று துணியை மாற்றிப்போட ஆள் இருக்கும் வீட்டுக்கு அது போதும்.