‘ஜிபிஎஸ் வாட்ச்’ என்று நம்பி 6,499 ரூபாய் போனது: டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்கள் இருக்கும் வீட்டார் கவனிக்கவும்

பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். அப்பா போயிருப்பார்.

அப்பாவுக்கு டிமென்ஷியா. கதவு திறந்திருந்தால் ‘ஆபீசுக்கு நேரமாச்சு’ என்று கிளம்பிவிடுவார். அதற்காகத்தான், கட்டியிருப்பவர் எங்கே இருக்கிறார் என்று போன் ஆப்பில் காட்டும் இந்த வாட்சை ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் பார்த்தேன். வாங்கும் முன் விற்பவனிடம் போனில் நேராகவே கேட்டேன்: செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் நிஜமான ஜிபிஎஸ்ஸா, இல்லை செல்போன் டவரை வைத்து இடம் காட்டுவதா? "எங்கம்மாவுக்கும் இதே பிரச்சினைதான் சார். இதே வாட்ச்தான் கட்டி விட்டிருக்கேன். நிம்மதியாத் தூங்குறேன்" என்றான். அம்மாவை வைத்துப் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? 6,499 ரூபாயை உடனே அனுப்பினேன்.

போன வாரம் விடியற்காலையில் அப்பாவைக் காணோம். ஆப் அவரை வேளச்சேரி ரயில் நிலையத்தில் காட்டியது. அங்கே நாங்கள் தேடிக்கொண்டிருக்க, அவர் விஜயநகர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அம்மா போன் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டார். காலில் செருப்பில்லை, கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் உறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஆப்பில் பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எல்பிஎஸ்’. அதாவது வெறும் டவர் கணக்கு. பல நூறு மீட்டர் தள்ளிக்கூடக் காட்டும். மொட்டை மாடியில் வெட்டவெளியில் வைத்தும் ஜிபிஎஸ் என்று ஒரு முறைகூட வரவில்லை.

விற்றவன் முதலில் சிம் சரியில்லை என்றான், அப்புறம் ஆப்பை அப்டேட் செய்யச் சொன்னான், அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டான். தளத்தில் கேட்டால் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதாம். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று அனுப்பிவிட்டுப் புகாரையும் மூடிவிட்டார்கள். 6,499 ரூபாய்க்குக் கிடைத்தது இந்த ஒரு வரி.

விவரமாக எழுதும் நிலையில் இல்லை. வாட்ச் வந்த அன்றே வெளியில் கொண்டுபோய், ஆப்பில் ‘ஜிபிஎஸ்’ என்று வருகிறதா பாருங்கள். விற்பவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ச் இருந்தாலும் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் தளத்தின் குறைதீர் அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. எனக்கு அதுவும் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 6,499 ரூபாயும் திரும்பி வரும்வரை விடமாட்டேன்.